சம்பளத்தை விட்டுக் காட்டை நாடிய மா. கிருஷ்ணன்

பெங்களூரிலிருந்து உதகைக்குப் பஸ்ஸில் போகும் தமிழர்களுக்கு அந்தப் பாதை நன்றாகத் தெரியும். மைசூர், நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை ஆகிய ஊர்களைத் தாண்டியதும் வயல்கள் முடிந்து காடு தொடங்குகிறது. முதலில் வருவது கர்நாடகத்தின் பந்திப்பூர். சிறிது தூரத்தில் மாநில எல்லை வருகிறது. எல்லைக்கு அப்பால் அதே காடு முதுமலை என்ற பெயரில் தமிழ்நாட்டுக்குள் தொடர்கிறது. சாலையோரத்தில் புள்ளிமான் கூட்டம் நிற்கும். கருமுகக் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவும். அதிர்ஷ்டம் இருந்தால் யானையும் தென்படும்.

இந்தக் காட்டில் பல ஆண்டுக் காலம் ஒரு மனிதர் கனமான காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து காட்டு யானைகளைப் படம் பிடித்தார். அவரிடம் துப்பாக்கி இல்லை. பெரிய பதவியும் இல்லை. மாதம் பிறந்தால் கைக்கு வரும் சம்பளமும் இல்லை. அவர்தான் மா. கிருஷ்ணன். இந்தியாவில் இயற்கையைப் பற்றி எழுதியவர்களிலும், வனவிலங்குகளைப் புகைப்படம் எடுத்தவர்களிலும் முன்வரிசையில் வைத்து எண்ணப்படும் தமிழர் அவர்.

எழுத்தாளரின் கடைசிப் பிள்ளை

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா. தமிழ் நாவல் வளர்ந்த கதையை எழுதப் புகுந்தால் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் பெயரை விட்டுவிட முடியாது. உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வந்தவர் அவர். அவருக்கு எட்டுக் குழந்தைகள். கடைக்குட்டி கிருஷ்ணன்.

மாதவையா முன்னதாகவே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டு சென்னை மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறினார். தமது பூர்விக ஊரின் நினைவாக அந்த வீட்டுக்குப் 'பெருங்குளம்' என்று பெயர் வைத்தார். சொந்தமாக அச்சுக்கூடம் வைத்தார். 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையையும் நடத்தினார்.

இன்றைக்கு மயிலாப்பூர் என்றால் கோபுரமும் குளமும் கூட்ட நெரிசலும்தான் நினைவுக்கு வரும். அந்நாளில் அந்தப் பக்கம் புதர்க்காடு மிகுந்திருந்தது. பறவைகள் ஏராளம். நரிகளும் வெளிமான்களும்கூட நடமாடின. சிறுவன் கிருஷ்ணன் அவற்றைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தான். வீட்டில் ஒரு கீரிப்பிள்ளையையும் வளர்த்தான். பிற்காலத்தில் பெரிய காடுகளையெல்லாம் சுற்றிய அந்தக் கண்களுக்கு முதல் பாடம் வீட்டுக் கொல்லையிலேயே கிடைத்தது எனலாம்.

1925-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி அந்த வீட்டில் இடி விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதாடிப் பேசிய மாதவையா, அந்தக் கூட்டத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

படிப்பும் தூரிகையும்

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டுக் கிருஷ்ணன் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பி.எஃப். ஃபைசன். தென்னிந்திய மலைவாசத் தலங்களின் செடிகொடிகளை ஆராய்ந்து நூல் எழுதிய ஆங்கிலேயர் அவர்.

ஃபைசன் துரை மாணவர்களை வகுப்பறையிலேயே அடைத்து வைக்கிறவர் அல்லர். நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செடிகளைப் பார்க்கப் போகும்போது கிருஷ்ணனையும் அழைத்துப் போனார். இலையின் விளிம்பு எப்படி வளைகிறது, பூவின் இதழ்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று நின்று பார்க்கும் பழக்கம் அந்தப் பயணங்களில் படிந்தது. ஃபைசனின் மனைவி நீர்வண்ண ஓவியம் தீட்டுபவர். அவரிடமிருந்து கிருஷ்ணன் தூரிகை பிடிக்கவும் கற்றுக்கொண்டார்.

1931-இல் பி.ஏ. தேறினார். பிறகு தாவரவியலில் எம்.ஏ. படித்தார், சட்டமும் படித்தார். இவ்வளவு படித்தும் வேலை மட்டும் அமையவில்லை. உலகமெங்கும் வியாபாரம் படுத்துக் கிடந்த காலம் அது. பட்டதாரிகள் மனுக்களைச் சுமந்துகொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். கிருஷ்ணனும் அச்சகம், ஓவியப் பள்ளி, வானொலி என்று சில இடங்களில் சிறிது காலம் வேலை பார்த்தார். பத்திரிகைகளுக்கு எழுதினார், சித்திரங்கள் போட்டுக் கொடுத்தார். எதுவும் நிலைக்கவில்லை. சட்டத் தொழிலிலும் மனம் ஒட்டவில்லை.

இதற்கிடையில் 1937-இல் கல்யாணமும் ஆயிற்று. மனைவியின் பெயர் இந்துமதி.

அண்ணன் அனந்தநாராயணனோ ஐ.சி.எஸ். தேறி நீதித்துறையில் படிப்படியாக உயர்ந்துகொண்டிருந்தார். பின்னாளில், 1966-இல், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை ஐ.சி.எஸ்., இன்னொரு பிள்ளை நிலையான வேலையில்லாதவர். அப்படிப்பட்ட வீட்டில் அந்த இன்னொரு பிள்ளையின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்பதை வேலை தேடி ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சந்தூரில் ஏழு ஆண்டுகள்

1942-இல் கிருஷ்ணனுக்கும் அந்த நாள் வந்தது. பிழைப்புக்காகத் தமிழ் மண்ணை விட்டுக் கன்னட மண்ணுக்குப் போனார். அவர் போய்ச் சேர்ந்த இடம் சந்தூர்.

பெல்லாரிக்கு அருகே மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் சந்தூர். இரும்பும் மாங்கனீசும் விளையும் சிவந்த மண். முருகப் பெருமான் குமாரசுவாமியாக எழுந்தருளியிருக்கும் பழைய கோவிலும் அங்கே உண்டு. அந்நாளில் அது கோர்படே என்ற மராட்டிய வம்சத்தார் ஆண்ட சின்னஞ்சிறு சமஸ்தானம்.

சின்ன சமஸ்தானத்தில் ஒருவருக்கு ஒரே வேலை என்ற வழக்கம் கிடையாது. கிருஷ்ணன் பள்ளி ஆசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், விளம்பர அதிகாரியாக இருந்தார், மகாராஜாவின் அரசியல் செயலாளராகவும் இருந்தார். இவ்வளவுக்கும் நடுவே ஆடு வளர்த்துப் பார்த்தார். புறாக்களைப் பழக்கிக் கடிதம் அனுப்பும் புறாத் தபாலிலும் முயற்சி செய்தார்.

ஆனால் சந்தூர் அவருக்குக் கொடுத்த பெரிய செல்வம் இந்தப் பதவிகள் அல்ல. வாசலைத் தாண்டினால் முள்காடு. அதைத் தாண்டினால் மலை. ஓநாய், நரி, முயல், கௌதாரி, ஆந்தை என்று எத்தனையோ உயிர்கள். அவற்றை அன்றாடம் பார்க்கவும், பார்த்ததைக் குறித்து வைக்கவும் அங்கே நேரம் கிடைத்தது. வேலை தேடி வந்த ஊரில் அவர் தமது சொந்தப் பாதையையும் கண்டுகொண்டார்.

சந்தூர் அரண்மனையில் அக்காலத்தில் சிறுவனாக வளர்ந்துகொண்டிருந்தவர் எம்.ஒய். கோர்படே. 1972 முதல் 1977 வரை கர்நாடக நிதி அமைச்சராக இருந்த அதே கோர்படேதான். அவரும் பின்னாளில் பெயர் பெற்ற வனவிலங்குப் புகைப்படக்காரர் ஆனார். காட்டில் எடுத்த படங்களையும் அனுபவங்களையும் சேர்த்து 1983-இல் நூலாகவும் வெளியிட்டார். ஒரு சின்ன சமஸ்தானத்தின் மண்ணிலிருந்து இப்படி இருவர் வந்தது வியப்புக்குரியது.

37 வயதில் ஒரு முடிவு

நாடு விடுதலை பெற்றது. சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவுடன் சேர்ந்தன. 1949-இல் சந்தூர், சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது அது மைசூர் இராஜ்யத்துக்கு வந்தது. ஆனால் கிருஷ்ணனைப் பொறுத்தவரை 1949-லேயே சமஸ்தான உத்தியோகம் முடிந்துவிட்டது.

அப்போது அவருக்கு வயது 37. மனைவி இருக்கிறார், குடும்பம் இருக்கிறது. எம்.ஏ. பட்டம், சட்டப் பட்டம், சமஸ்தானத்தில் நிர்வாக அனுபவம் எல்லாம் கையில் உண்டு. அந்த வயதில் எவரும் செய்யக்கூடியது, இன்னொரு நல்ல உத்தியோகத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துகொள்வதுதான்.

கிருஷ்ணன் அதைச் செய்யவில்லை. சென்னைக்குத் திரும்பினார். இனி எவரிடமும் சம்பளத்துக்கு இருப்பதில்லை, எழுத்தையும் படத்தையும் வைத்தே வாழ்வது என்று தீர்மானித்துக்கொண்டார்.

இதை எளிதாகச் சொல்லிவிடலாம்; வாழ்ந்து பார்ப்பது எளிதல்ல. பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினால் கிடைக்கும் சன்மானம் அற்பம். அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பறவையைப் பற்றியும் அணிலைப் பற்றியும் எழுதிக் குடும்பம் நடத்தியவர் அதுவரை நாட்டில் யார் இருந்தார்கள்? வனவிலங்கு என்றால் சுட்டு வீழ்த்தித் தலையைச் சுவரில் மாட்டுவது என்றுதான் வசதி படைத்தவர்கள் நினைத்திருந்த காலம் அது. இந்த நிலையில் அவர் எடுத்த முடிவில் துணிவும் இருந்தது, ஆபத்தும் இருந்தது. அதன் சுமையில் பாதியைச் சுமந்தவர் இந்துமதி அம்மையார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நிச்சயமில்லாத வருமானத்தில் நிச்சயமாக அடுப்பு எரிய வேண்டுமே!

46 ஆண்டு எழுத்து

1950-இல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளேட்டில் கிருஷ்ணன் ஒரு பகுதி எழுதத் தொடங்கினார். அதன் பெயர் 'கன்ட்ரி நோட்புக்'. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெளிவந்த இந்தப் பகுதி 46 ஆண்டுகள் தொடர்ந்தது. ஒரே பத்திரிகையில், ஒரே தலைப்பில், ஒரே மனிதர் இத்தனை ஆண்டுகள் எழுதியது அபூர்வமான சாதனை.

எதைப் பற்றி எழுதினார்? புலியையும் யானையையும் பற்றி மட்டும் அல்ல. காக்கை, மைனா, அணில், பல்லி, தெருநாய், வண்டிமாடு, வேப்பமரம் எல்லாமே அவருக்கு விஷயங்கள். 1961-இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே காட்டையும் கொல்லைப்புறத்தையும் சேர்த்துச் சொல்கிறது: 'ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்'. காடு எங்கோ தொலைவில் மட்டும் இல்லை, வீட்டுக் கொல்லையிலும் இருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. கட்டுரைகளுக்கு வேண்டிய கோட்டுச் சித்திரங்களையும் அவரே வரைந்தார். ஃபைசன் அம்மையாரிடம் பயின்ற தூரிகை வீண் போகவில்லை.

தமிழையும் அவர் விட்டுவிடவில்லை. மாதவையாவின் மகனல்லவா? இயற்கையைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் கட்டுரைகள் எழுதினார். பழந்தமிழ் இலக்கியத்தில் வரும் விலங்குகளையும் பறவைகளையும் நேரில் கண்ட உயிர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்ற நாவலையும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடியெடுத்து, சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் நூலாகத் தொகுத்திருக்கிறார்.

ஒட்டுப்போட்ட காமிரா

எழுத்தும் சித்திரமும் போதாது என்றுதான் கிருஷ்ணனின் கை காமிராவை நாடியது எனலாம். ஓவியன் தன் மனத்தில் உள்ளதையும் சேர்த்து வரைந்துவிட முடியும். காமிரா கண் முன்னால் இருப்பதை மட்டுமே வாங்கிக்கொள்ளும். அதனால் அது சாட்சி சொல்லும். அதே சமயம் எங்கே நிற்பது, எந்த வெளிச்சத்தில் எடுப்பது, எந்த நொடியில் விசையை அழுத்துவது என்பதெல்லாம் எடுப்பவரின் கையில் இருக்கிறது. அதனால் அது கலையாகவும் இருக்கிறது. விஞ்ஞானமும் ஓவியமும் கற்ற கிருஷ்ணனுக்கு இரண்டும் ஒன்றாகச் சேரும் இடமாகப் புகைப்படம் அமைந்தது.

ஆனால் நல்ல காமிராவுக்குப் பணம் வேண்டும். வெளிநாட்டுக் காமிராக்களும் நீண்ட லென்சுகளும் இறக்குமதிக் கட்டுப்பாடு மிகுந்த அந்நாளில் சுலபத்தில் கிடைக்கமாட்டா. கிடைத்தாலும் விலை எட்டாது. கிருஷ்ணன் இதற்கு ஒரு வழி கண்டார். வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைச் சேகரித்து, ஒன்றோடொன்று பொருத்தித் தமக்கென்று ஒரு காமிராவை உருவாக்கிக்கொண்டார். பார்ப்பதற்கு அழகில்லை, எடையோ அதிகம். அதன் கனத்தைக் கேலி செய்து அவரே அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் சூட்டினார். வேறு எவர் கையிலும் வேலை செய்யாத அந்தக் காமிரா அவர் கையில் சொன்னபடி கேட்டது.

அக்காலத்தில் காட்டில் படம் எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை இன்று செல்போனில் படம் எடுப்பவர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய அளவு பிலிம் சுருள் ஒன்றில் 8 அல்லது 12 படங்கள்தான் எடுக்கலாம். எடுத்த படம் சரியாக விழுந்ததா என்பது காட்டிலிருந்து வீடு திரும்பி, இருட்டறையில் பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். தவறிவிட்டால் யானையைக் கூப்பிட்டு மறுபடி நிற்கச் சொல்ல முடியுமா?

வெளிச்சம் இன்னொரு தொல்லை. அடர்ந்த காட்டில் நிழல்தான் அதிகம். வெளிச்சம் குறைந்தால் காமிராவின் கண் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் விலங்கு அசைந்தாலும் படம் கலங்கும். எடுப்பவர் கை அசைந்தாலும் கலங்கும். தூரத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டும் நீண்ட லென்ஸ் மாட்டினால் சிறிய அசைவும் பெரிதாகத் தெரியும்.

அவர் பல படங்களை எடுத்தது தரையில் நின்றல்ல. பழக்கிய யானையின் முதுகிலிருந்து. அதில் ஒரு வசதி உண்டு. யானையின் வாசனைக்குள் மனித வாசனை அமுங்கிப்போகும். காட்டு விலங்குகள் அதிகம் மிரளாமல் நிற்கும். ஆனால் யானை ஒரு கணமும் கல் போல நிற்காது. காதை அசைக்கும், காலை மாற்றும், மூச்சு விட்டாலே முதுகு ஏறி இறங்கும். அந்த முதுகில் கனத்த காமிராவோடு அமர்ந்து, யானையின் இரண்டு அசைவுகளுக்கு நடுவே வரும் ஒரு நொடியைப் பிடிக்க வேண்டும். கையில் நிதானமும் மனத்தில் பொறுமையும் இல்லாதவரால் முடியாத காரியம்.

கறுப்பும் வெள்ளையும்

கலர் பிலிம் வந்து உலகமெல்லாம் பரவிய பிறகும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடவில்லை. அது பிடிவாதம் என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இல்லாத பிடிவாதம் அல்ல. கறுப்பு வெள்ளைப் படத்தைக் கழுவுவதும் அச்சிடுவதும் எடுத்தவரின் கையிலேயே இருக்கிறது. நெகடிவிலிருந்து தாளில் படம் ஏற்றும்போது எந்த இடம் எவ்வளவு இருள வேண்டும், எந்த இடம் துலங்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யலாம். நிறத்தின் கவர்ச்சி இல்லாததால் பார்ப்பவரின் கண் நேராக உருவத்துக்கும் ஒளி நிழலுக்கும் போகும்.

அவருடைய படங்களில் விலங்கின் முகம் மட்டும் தாளை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. அது நிற்கும் புல்லும், பின்னால் உள்ள மரமும் சேர்ந்தே தெரியும். எந்த விலங்கும் தனியாக வாழவில்லை, அதன் இடத்தோடு சேர்ந்துதான் வாழ்கிறது என்பதை அந்தப் படங்கள் சொல்லாமல் சொல்கின்றன.

விலங்குகளில் அவருக்கு மிகவும் பிடித்தது யானை. அதன் நடை, அது கூட்டமாக வாழும் முறை, குட்டியைக் காக்கும் விதம் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார். முதுமலை, பந்திப்பூர், பெரியாறு என்று தென்னாட்டு யானைக் காடுகள் பலவும் அவருக்குப் பழக்கமாயின.

பெருமை தேடி வந்தது

சம்பளம் வேண்டாம் என்று வந்தவரைத் தேடி 1968-இல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நிதி வந்தது. அதைக் கொண்டு தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டி விலங்குகள் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று காடு காடாகச் சென்று ஆராய்ந்தார். எந்த விலங்கு குறைந்துவிட்டது, ஏன் குறைந்தது என்று நேரில் கண்டதை எழுதினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் அந்த ஆய்வு வெளிவந்தது. 1975-இல் அதே கழகம் அதை நூலாகவும் வெளியிட்டது.

1970-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. இந்திய வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். 1973-இல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கப்பட்டபோது அதன் வழிகாட்டுக் குழுவிலும் இடம் பெற்றார். அந்தத் திட்டத்தில் முதலில் சேர்க்கப்பட்ட காடுகளில் பந்திப்பூரும் ஒன்று. 1995-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு உலக அளவில் கௌரவிக்கும் 500 பேர் வரிசையில் அவர் பெயரும் சேர்ந்தது.

குழுவில் இடம் கொடுத்துவிட்டார்களே என்று அவர் தலையாட்டிக்கொண்டிருக்கவில்லை. மனத்தில் பட்டதை எவர் முன்னாலும் பட்டென்று சொல்வார். வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நம் மண்ணில் நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். அழகுக்காகவோ வருமானத்துக்காகவோ இயற்கைக் காட்டை அழித்துத் தைல மரமும் மற்றதும் வைத்தால், அந்தக் காட்டை நம்பிய பறவையும் விலங்கும் எங்கே போகும் என்பது அவர் கேள்வி. நாட்டுப்பற்று என்றால் நாட்டின் மரம், செடி, விலங்குகள் மீதும் பற்று இருக்க வேண்டும் என்று வாதாடினார். காட்டை மனிதன் திருத்த வேண்டியதில்லை, தொந்தரவு செய்யாமல் விட்டாலே அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. அன்று இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று பெங்களூரைச் சுற்றியுள்ள தைல மரத் தோப்புகளையும் வற்றிய ஏரிகளையும் பார்ப்பவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும்.

பெங்களூர்த் தொடர்பு

கிருஷ்ணன் சென்னைவாசி. ஆயினும் அவருடைய கலைக்குப் பெங்களூரில் உறவினர்கள் அதிகம். இந்த நகரம் நெடுங்காலமாகவே இயற்கைப் புகைப்படக் கலைக்குப் பேர் போனது. ஓ.சி. எட்வர்ட்ஸ், இ. ஹனுமந்த ராவ் போன்றவர்கள் இங்கிருந்து பறவைகளையும் விலங்குகளையும் படம் பிடித்து உலகப் புகழ் பெற்றார்கள். காடு பக்கத்தில் இருந்தது. ஊருக்குள்ளும் லால்பாக்கும் ஏரிகளும் இருந்தன. வார விடுமுறையில் காமிராவை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கு இவை போதுமே.

அந்த வரிசையில் வந்த தமிழர் டி.என்.ஏ. பெருமாள். 1932-இல் பிறந்தவர். பெயரின் முதல் எழுத்திலேயே தஞ்சாவூரைத் தாங்கியிருந்த அவர், பெங்களூரில் வாழ்ந்து, எட்வர்ட்ஸிடம் தொழில் நுணுக்கம் கற்று, பல இளைஞர்களுக்கு ஆசானாக விளங்கி, 2017-இல் மறைந்தார். கிருஷ்ணன் எடுத்த படங்கள் காலத்தில் கரைந்துபோகாமல் 2006-இல் அழகிய பெரிய நூலாக வெளிவந்தபோது, தொகுத்தவர்களுக்குத் துணை நின்றவர் இந்தப் பெருமாள்தான். 'ஐ இன் தி ஜங்கிள்' என்பது அந்த நூலின் பெயர். கிருஷ்ணனின் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து 2000-ஆம் ஆண்டில் வேறொரு நூலாகத் தொகுத்த வரலாற்று ஆசிரியர் ராமச்சந்திர குஹாவும் பெங்களூர்க்காரரே. சென்னையில் வாழ்ந்த தமிழரின் பெயரை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்ததில் இந்த ஊருக்கும் இப்படிப் பங்கு இருக்கிறது.

கடைசி நாள் வரை

வயது எண்பதைத் தாண்டிய பிறகும் கிருஷ்ணன் எழுதுவதை நிறுத்தவில்லை. பணம் சேர்க்கவில்லை, சேர்க்க முயன்றதாகவும் தெரியவில்லை. எழுதிய சொல்லில் மட்டும் கறாராக இருந்தார். தம் கட்டுரையில் ஒரு வரியை மாற்றினாலும் பொறுக்கமாட்டார் என்று பெயர் எடுத்தவர். சம்பளம் கொடுக்கும் எஜமானர் இல்லாத வாழ்க்கையை அவர் தேர்ந்தெடுத்தது இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் என்று தோன்றுகிறது. அதற்கான விலையை அவர் மாதாமாதம் கொடுத்தார். பதிலுக்கு யாருக்கும் வளையாத ஒரு பேனாவும் காமிராவும் நாட்டுக்குக் கிடைத்தன.

எல்லாரும் அவரைப் போல உத்தியோகத்தை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போக முடியாது. போக வேண்டும் என்றும் அவர் வாழ்க்கை சொல்லவில்லை. அவர் 46 ஆண்டுகள் எழுதியதில் பெரும்பகுதி, வேலைக்குப் போகிறவனும் ஜன்னல் வழியே பார்க்கக்கூடிய உயிர்களைப் பற்றியதுதான். கம்பியில் உட்காரும் கரிச்சான், மாடியில் இறங்கும் புறா, மழைக்கு முன் சுவரில் ஏறும் எறும்பு வரிசை இவற்றை நின்று பார்க்க டிக்கெட்டும் வேண்டாம், லீவும் வேண்டாம்.

சென்னை இயற்கை ஆர்வலர் சங்கம் அவர் பெயரால் இளைஞர்களுக்கு இயற்கை எழுத்துப் பரிசு வழங்கி வந்திருக்கிறது. மனிதர் போனாலும் பார்க்கும் பழக்கம் போய்விடக் கூடாது என்ற எண்ணம்தான்.

1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி, 83-ஆவது வயதில், மா. கிருஷ்ணன் சென்னையில் காலமானார். அன்றைய 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் அவருடைய 'கன்ட்ரி நோட்புக்' வழக்கம்போல வெளிவந்திருந்தது.